கடலுக்கு விட்டதும் விடாததும்



சற்று முன் ஒலிபெருக்கியில் நீங்கள் கேட்ட இசையை யாரும் வாசிக்கவில்லை. முன்வரிசையில் சிலர் புல்லாங்குழல் என்றீர்கள். ஒருவர் தேவாலய ஆர்கன் என்றார். ஆர்கன் என்றவர் பாதி சரியாகச் சொல்லிவிட்டார். அதன் ஊதல்களைச் செய்துகொடுத்தது ஆர்கன் செய்யும் பட்டறைதான். ஆனால் அதற்குக் காற்று தருவது துருத்தி அல்ல, அலை. குரோஷியா நாட்டில், அட்ரியாட்டிக் கடலோரத்தில், ஜாதர் என்ற ஊரின் கரையில் 2005 ஏப்ரல் 15ஆம் தேதி திறக்கப்பட்ட கடல் ஆர்கன் அது. அதை வடிவமைத்தவர் நிக்கோலா பாஷிச் என்ற கட்டடக் கலைஞர்.

நான் சொல்ல வந்த விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொது இடத்தில் ஒரு படைப்பை வைக்கிற கலைஞர், எதைத் தன் பிடியில் வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்று முடிவுசெய்தாக வேண்டும். நம் காலத்துப் பொதுச் சிற்பங்களில் பல இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டால் படைப்பு ஒரு நினைவுச்சின்னமாக உறைந்துவிடும். எல்லாவற்றையும் விட்டுவிட்டால் அது வெறும் சத்தமாகப் போய்விடும். பாஷிச் கடலுக்கு எதை விட்டார், எதை விடவில்லை என்று பார்த்தால் அவருடைய கலை முழுவதும் பிடிபட்டுவிடும் என்பது என் எண்ணம்.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். ஜாதரின் பழைய நகரம் கடலுக்குள் நீண்டிருக்கும் ஒரு நாக்கு நிலத்தில் இருக்கிறது. ரோமானியர்களின் பொதுச்சதுக்கம் அங்கே இன்னும் கிடக்கிறது. அதன் உடைந்த கற்களையே அடித்தளமாகப் போட்டு எழுப்பிய வட்ட வடிவத் தேவாலயம் ஒன்று ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது. வெனிஸ்காரர்கள் ஆண்டபோது ஊர் ஒரு கோட்டை. கடலைப் பார்த்த பக்கமெல்லாம் மதில். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், ஆஸ்திரிய ஆட்சியில், கடல்பக்கத்து மதிலை இடித்துவிட்டு ஓர் உலாவும் சாலை போட்டார்கள். அப்போதுதான் ஊர் மக்களுக்குக் கடல் கிடைத்தது. இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே ஊர் இத்தாலியிடம் இருந்தது. 1943, 1944 ஆண்டுகளில் நேச நாடுகளின் விமானங்கள் திரும்பத் திரும்பக் குண்டு போட்டு நகரின் பெரும்பகுதியை இடித்துத் தள்ளின. போருக்குப் பிறகு அவசர அவசரமாக ஊரைத் திரும்பக் கட்டியபோது கடற்கரையின் ஒரு பகுதி வெறும் கான்கிரீட் சுவராகிப் போனது. அங்கே உட்கார இடமில்லை, தண்ணீரைத் தொட வழியில்லை. 1991இல் யூகோஸ்லாவியா சிதறியபோது நடந்த போரில் மறுபடியும் பீரங்கிக் குண்டுகள் விழுந்தன. மதில் போய் வந்த கடலை கான்கிரீட் பறித்துக்கொண்டது என்றுதான் அந்தக் கரையின் கதையைச் சொல்ல வேண்டும்.

2000க்குப் பிறகு சுற்றுலாக் கப்பல்கள் வந்து நிற்பதற்காக அந்தப் பக்கத்தில் புதிய துறை அமைக்கும் வேலை தொடங்கியது. அதை ஒட்டிய கரையைச் சீர்ப்படுத்தும் பொறுப்பு பாஷிச்சிடம் வந்தது. இதைக் கவனியுங்கள். ‘எங்களுக்கு ஓர் ஒலிச்சிற்பம் வேண்டும்’ என்று யாரும் அவரைத் தேடிப் போகவில்லை. கப்பலிலிருந்து இறங்குகிறவர்கள் நடந்து வரும் கரையை ஒழுங்குபடுத்துவதுதான் வேலை. நல்ல கல் பாவி, நாலு விளக்குக் கம்பம் நட்டு, பெஞ்சு போட்டு முடித்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

பாஷிச் 1946இல் முர்தெர் என்ற தீவில் பிறந்தவர். ஜாதருக்குத் தெற்கே, தீவுக்கூட்டங்களுக்கு நடுவே இருக்கிறது அது. அவர் கட்டடக்கலை படித்தது சராயேவோவில், மலைகளுக்கு நடுவில். வேலை செய்தது பெரும்பாலும் தன் சொந்தக் கடற்கரையில். தீவில் பிறந்தவருக்குப் பாறை இடுக்கில் அலை புகுந்து காற்றைத் தள்ளும் ஓசையை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் அந்த ஓசையைக் கேட்டு வளர்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்க, அதை ஊரின் நடுவே கொண்டுவந்து உட்கார வைக்க ஒருவருக்குத்தான் தோன்றியது.

அவர் செய்தது இதுதான். கான்கிரீட் சுவர் இருந்த இடத்தில், சுமார் 70 மீட்டர் நீளத்துக்கு, கரையிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் வெள்ளைக் கல் படிகள் அமைத்தார். நம் ஊர்த் தெப்பக்குளத்துப் படிக்கட்டைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அதன் உருவம் உடனே மனதில் வந்துவிடும். படிகளைத் தலா 10 மீட்டர் கொண்ட ஏழு பகுதிகளாகப் பிரித்தார். ஒவ்வொரு பகுதிக்கு அடியிலும் ஐந்து குழாய்கள். ஆக 35. நீளத்திலும் விட்டத்திலும் வேறுபடும் பாலிஎத்திலீன் குழாய்கள், கடைத்தெருவில் தண்ணீர் இணைப்புக்கு வாங்குகிற அதே வகைப் பொருள். அவற்றின் கீழ்வாய் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கும். அங்கிருந்து சாய்வாக மேலேறி, படிகளுக்குப் பின்னால் மறைந்திருக்கும் ஒரு சுரங்கப் பாதைக்குள் வந்து சேரும். அந்த முனையில் ஊதல்கள்.

ஒரே ஒரு குழாயை எடுத்துக்கொண்டு, ஒரே ஓர் அலை வரும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம். குழாயின் கீழ்ப்பாதியில் கடல்நீர், மேல்பாதியில் காற்று. அலை வந்து கரையில் மோதும்போது வெளியே நீர்மட்டம் உயர்கிறது. உள்ளேயும் நீர் ஏறுகிறது. மேலே இருக்கும் காற்றுக்குப் போக வேறு வழியில்லை. நெருக்கப்பட்டு, குழாயின் நுனியில் இருக்கும் ஊதலின் வாய் வழியாகச் சீறிக்கொண்டு வெளியேறுகிறது. அங்கே ஒரு கூரிய விளிம்பு இருக்கிறது. காற்றுத் தாரை அதில் மோதி அங்குமிங்குமாக ஊசலாட, ஊதல் குழலுக்குள் இருக்கும் காற்றுத்தம்பம் அதிர்ந்து ஒரு சுரம் பிறக்கிறது. அந்த ஒலி கல்லில் விட்டிருக்கும் திறப்புகள் வழியே மேலே வருகிறது. அலை பின்வாங்கினால் நீர் இறங்கும், ஒலி அடங்கும். அடுத்த அலைவரைக்கும் குழாய் சும்மா இருக்கும்.

இங்கே இரண்டு வேலைகள் தனித்தனியாக நடக்கின்றன. கடலுக்குள் இருக்கும் குழாய் செய்வது துருத்தியின் வேலை. மேலே இருக்கும் ஊதல் செய்வது தொண்டையின் வேலை. எவ்வளவு காற்று, எவ்வளவு வேகம், எத்தனை நேரம் என்பதைக் கடல் தீர்மானிக்கும். என்ன சுரம் என்பதை ஊதலின் நீளம் தீர்மானிக்கும். மின்சாரம் கிடையாது, மோட்டார் கிடையாது, கணினி கிடையாது. இத்தனையும் படிக்கட்டுக்கு அடியில் மறைந்து கிடக்கிறது. வெளியே தெரிவது படியும் சில துளைகளும்தான். விஷயம் தெரியாமல் வந்து உட்காருகிற ஒருவர் தன் காலுக்குக் கீழே யாரோ மூச்சு விடுவதாகத் திடுக்கிட்டு எழுந்திருக்கலாம். குழந்தைகள் துளையில் காதை வைத்துப் படுத்துவிடுகிறார்கள். அவர்கள்தான் சரியாகப் புரிந்துகொண்டவர்கள்.

அலையால் ஒலிக்கும் படைப்பை உலகில் முதலில் செய்தவர் பாஷிச் அல்ல. அதையும் சொல்ல வேண்டியது என் கடமை. அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ வளைகுடாவில் 1986இல் பீட்டர் ரிச்சர்ட்ஸ் என்ற கலைஞர், ஜார்ஜ் கொன்சாலஸ் என்ற சிற்பியோடு சேர்ந்து ஓர் அலை ஆர்கனை அமைத்தார். எக்ஸ்ப்ளோரட்டோரியம் என்ற அறிவியல் கூடத்தின் முயற்சி அது. இடிக்கப்பட்ட ஒரு கல்லறைத் தோட்டத்துக் கற்களால் ஆன அலைத்தடுப்புத் திட்டில், 25 குழாய்கள். அங்கே சுரம் கிடையாது. குளறல், முனகல், பெருமூச்சு, யாரோ தண்ணீரை விழுங்குவது போன்ற ஓசைகள். காதைக் குழாய் வாயருகே கொண்டுபோக வேண்டும், பொறுமையும் வேண்டும். ஓதம் ஏறிய நேரத்தில்தான் நன்றாகக் கேட்கும். இங்கிலாந்தில் பிளாக்பூல் கடற்கரையில் 2002இல் லியாம் கர்ட்டின், ஜான் குடிங் இருவரும் 15 மீட்டர் உயரத்துக்கு ஓர் ஓத ஆர்கனை நிறுத்தினார்கள். அதுவும் ஓதம் உச்சத்தை நெருங்கும் சில மணி நேரம்தான் பாடும்.

ஜாதருக்கு ஒரு சலுகை உண்டு. அட்ரியாட்டிக்கின் அந்தப் பகுதியில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. நீர்மட்டம் அதிகம் மாறாததால் குழாயின் வாயை நிரந்தரமாகத் தண்ணீருக்குள் வைக்க முடிந்தது. அதனால் பஞ்சாங்கம் பார்த்துப் போக வேண்டியதில்லை, எந்த நேரத்திலும் போய் உட்காரலாம். ஆனால் இந்த மூன்றுக்கும் நடுவே எனக்கு முக்கியமாகப் படும் வேறுபாடு ஓதம் அல்ல, சுரம். ரிச்சர்ட்ஸ் கடலைக் கடலாகவே கேட்க வைத்தார். பாஷிச் கடலை ஓர் இசை மரபுக்குள் அழைத்து வந்தார்.

டால்மேஷியா என்று அழைக்கப்படும் அந்தக் கடற்கரைப் பகுதியில் கிளாபா என்றொரு பாட்டு முறை இருக்கிறது. பக்கவாத்தியம் இல்லாமல் சிலர் தோளோடு தோள் நின்று, ஒவ்வொருவரும் ஒவ்வொரு குரல்நிலையில், ஒத்திசைத்துப் பாடுவது. மீன்பிடித் துறையிலும் திராட்சைத் தோட்டத்திலும் மதுக்கடை வாசலிலும் பாடி வளர்ந்த கலை. 2012இல் யுனெஸ்கோ அதை மானுடத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. கடல் ஆர்கனுக்குச் சுரம் அமைத்தவர் இவான் ஸ்தமாச் என்ற ஒலியியல் அறிஞர். அவர் எதிர்கொண்ட சிக்கல் சாதாரணமானதல்ல. எந்த அலை எந்தக் குழாயை எப்போது தொடும் என்று யாருக்கும் தெரியாது. எந்தச் சுரமும் எந்தச் சுரத்தோடும் எந்தக் கணத்திலும் சேர்ந்து ஒலிக்கலாம். எப்படிச் சேர்ந்தாலும் காதை உறுத்தக் கூடாது. ஒவ்வொரு பகுதியின் ஐந்து குழாய்களையும் ஒன்றுக்கொன்று இணங்கும் ஒரு சுரக்கூட்டமாக அமைத்து, அடுத்தடுத்த பகுதிகள் ஒன்றோடொன்று உறவுள்ளவையாக இருக்கும்படி வரிசைப்படுத்தினார். கிளாபா பாடகர்கள் இயல்பாகச் சேர்ந்து ஒலிக்கும் விதத்தை மனத்தில் கொண்டே இதைச் செய்தார். படிகளின் ஓரமாக ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தால் இசை மாறிக்கொண்டே வரும். ஓர் இடத்தில் உட்கார்ந்தால் உங்களுக்குக் கிடைப்பது முக்கியமாக அந்த இடத்தின் ஐந்து குரல்கள்.

நமக்கு இது அன்னியமான எண்ணமே அல்ல. ராகம் என்றால் என்ன? எந்தச் சுரங்கள் வரலாம் என்பதை முன்கூட்டியே கட்டிவைத்துவிட்டு, எப்போது, எவ்வளவு நேரம், எந்த அழுத்தத்தோடு என்பதைப் பாடுகிறவரின் மனோதர்மத்துக்கு விட்டுவிடுவது. ஜாதரில் ராகத்தைக் கட்டியது மனிதர்கள். ஆலாபனை கடலுடையது. கடல் அமைதியாக இருக்கும் காலையில் அது இரண்டு சுரத்துக்கு நடுவே நீண்ட இடைவெளி விடும். மத்தியானக் கோடைக்காற்று எழுந்தால் சிற்றலைகள் நெருங்கி வந்து சுரங்கள் கூட்டமாக விழும். தெற்கிலிருந்து யூகோ என்ற காற்று நாள்கணக்கில் வீசி நீண்ட பேரலைகளைக் கொண்டுவரும்போது முழுக்குரலில் ஒலிக்கும். தூரத்தில் ஒரு படகு கடந்துபோனால், அது கண்ணைவிட்டு நகர்ந்த பிறகு, அதன் அலை கரைக்கு வந்து ஏழு பகுதிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டுக்கொண்டு போகும். படகோட்டிக்குத் தான் வாசித்தது தெரியாது.

இவ்வளவு புகழ்ந்த பிறகு எனக்குள்ள ஒரு மனக்குறையையும் சொல்லியாக வேண்டும். இந்த இசை எப்போதும் இனிமையாகவே இருக்கிறது. கடல் இனிமை மட்டும் அல்ல. அந்தக் கரையின் தாய்மார்களுக்கும் மனைவிமார்களுக்கும் அது நன்றாகத் தெரியும். புயல் வந்தாலும் அதே சுரக்கூட்டம்தான், சத்தம் மட்டும்தான் கூடும். கடலின் கோபத்தையும் ஒத்திசைவுக்குள் அடைத்துவிடுவது நியாயமா என்று கடுமையான ஓர் இசையமைப்பாளர் கேட்டால், கேள்வியில் தவறில்லை. சான்பிரான்சிஸ்கோவின் குளறல் அந்த வகையில் நேர்மையானது என்பவர்கள் உண்டு.

ஆனால் நான் பாஷிச் பக்கம்தான் நிற்பேன். காரணம், இது பொது இடம். ஒரு சிலை பிடிக்காதவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகலாம். ஒலி பிடிக்காதவருக்கு அந்த வசதி இல்லை. கடல் ஆர்கனுக்கு நிறுத்தும் பொத்தான் கிடையாது. இரவு இரண்டு மணிக்கும் அது ஒலிக்கிறது. அரங்கத்துக்குச் சீட்டு வாங்கி வருகிறவரை அதிர வைக்க ஒரு கலைஞருக்கு உரிமை உண்டு. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் பத்து நிமிடம் உட்கார வருகிறவரிடம் அந்த உரிமை இல்லை. அதுவும் இரண்டு முறை குண்டு விழுந்த ஊர். வானத்திலிருந்து வந்த சத்தத்துக்குப் பதுங்கிய மனிதர்கள் இன்னும் உயிரோடு இருக்கிற ஊர். அங்கே தரைக்கு அடியிலிருந்து வரும் ஒலி மென்மையாக இருக்கட்டும் என்று ஒருவர் முடிவெடுத்தால், அதைக் கோழைத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். கரிசனம் என்றுதான் சொல்வேன்.

ஆக, பாஷிச் கடலுக்கு விட்டது காலம், தாளம், வரிசை, உரப்பு. விடாமல் வைத்துக்கொண்டது சுரமும் இருக்கையும். இருக்கையை நான் சும்மா சேர்க்கவில்லை. ஒலியை மட்டும் உண்டாக்கி, கேட்கிறவர் நின்றுகொண்டே கேட்கட்டும் என்று விட்டிருந்தால், ஐந்து நிமிடத்தில் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். உட்காரவும் சாயவும் காலை நீட்டவும் படி இருப்பதால்தான் மக்கள் அங்கே மாலைப்பொழுதைக் கழிக்கிறார்கள். ஊர்க்காரரும் கப்பலில் வந்தவரும் ஒரே படியில் உட்காருகிறார்கள். பார்வையாளருக்கு ஒரு பக்கம், மேடை ஒரு பக்கம் என்ற பிரிவினை அங்கே கிடையாது. எல்லாரும் மேடைமேல்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

2006இல் நகரப் பொது இடங்களுக்கான ஐரோப்பியப் பரிசு இதற்குக் கிடைத்தது. அந்த ஆண்டு பரிசைப் பகிர்ந்துகொண்ட மற்றொரு திட்டம், நெதர்லாந்தில் ஒரு நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அடியில் வீணாகக் கிடந்த இடத்தை ஊர் மக்கள் புழங்கும் இடமாக மாற்றியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நடுவர்கள் எதைக் கண்டார்கள் என்பது விளங்கும். கைவிடப்பட்ட இடம் மக்களிடம் திரும்பி வந்ததுதான் அவர்கள் கண்டது. வெறும் வேடிக்கைப் பொருளுக்கு அந்தப் பரிசு போவதில்லை.

2008இல் ஆர்கனுக்குப் பக்கத்திலேயே பாஷிச் ‘சூரியனுக்கு வணக்கம்’ என்ற படைப்பை அமைத்தார். தரையோடு தரையாக 22 மீட்டர் விட்டமுள்ள வட்டம், 300 கண்ணாடிப் பலகைகள், அடியில் சூரிய மின்கலங்கள். பகலில் சேர்த்த ஒளியை இரவில் வண்ண விளக்குகளாகத் திருப்பித் தருகிறது. கூட்டம் அதன்மேல்தான் அதிகம். என் மதிப்பில் அது ஆர்கனுக்குக் கீழேதான். சூரியனுக்கு அங்கே விட்டுக்கொடுக்கப்பட்டது மின்சாரம் மட்டும். ஒளியின் ஆட்டத்தைக் கருவிகள் நடத்துகின்றன.

ஆனால் அவருடைய மற்றொரு படைப்பு, ஒலியே இல்லாதது, ஆர்கனுக்கு இணையானது. 2007 ஆகஸ்ட் 30ஆம் தேதி கொர்னாட் தீவில் காட்டுத்தீயை அணைக்கப் போன தீயணைப்பு வீரர்களில் 12 பேர் இறந்தார்கள். அவர்களுக்காக அந்தத் தீவில் பாஷிச் வடிவமைத்தது, சாந்தே இல்லாமல் கல்லை மட்டும் அடுக்கிய பெரிய சிலுவைகள். தரைமட்டத்தில் கிடப்பவை. அந்தத் தீவுகளில் ஆடுகளைத் தடுக்கவும் நிலத்தைப் பிரிக்கவும் தலைமுறை தலைமுறையாகக் கல் அடுக்கிய அதே முறை. கட்டியது கூலிக்கு வந்த ஒப்பந்தக்காரர் அல்ல, தாமாக முன்வந்த மக்கள். இங்கேயும் அவர் வடிவத்தை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டு, கல்லை எடுத்து வைக்கும் செயலை ஊருக்கு விட்டார். துக்கம் அவர்களுடையது, ஆகவே வேலையும் அவர்களுடையது.

கட்டடக்கலை மாணவர்கள் பலர் இங்கே வந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். கடல் ஆர்கன் பற்றி நாளைக்கு எங்காவது பேசினால், எழுதினால், பாஷிச் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். அலை குழாய்க்குள் எப்படி ஏறும் என்று கணக்குப் போட்டவர் விளாதிமிர் ஆந்த்ரோசெட்ஸ் என்ற நீரியல் பேராசிரியர். சுரம் அமைத்தவர் இவான் ஸ்தமாச். குழாய்களைச் செய்தவர் முர்தெர் தீவின் கோரான் யெஷினா. 35 ஊதல்களையும் செய்தது சாக்ரெப் நகரத்து ஹெஃபெரர் ஆர்கன் பட்டறை. கல்லைச் செதுக்கியவர்கள் பிராச் தீவின் கல்தச்சர்கள். ஊதலின் விளிம்பு ஒரு மயிரிழை பிசகியிருந்தால் வந்திருப்பது வெறும் காற்றுச் சத்தம்தான். நீங்கள் கட்டப்போகும் கட்டடங்களின் திறப்புக் கல்வெட்டில், திறந்துவைத்தவர் பெயருக்கு முன்னால், கையால் செய்தவர்களின் பெயர்களைப் பொறியுங்கள்.